மின்சார மோட்டார் வண்டியும் இழுவைக் கொக்கியும்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களில் சிலர் இப்பொழுது மின்சாரத்தால் ஓடும் எஸ்.யூ.வி. என்னும் உயரமான வண்டிகளை வாங்கி வருகின்றனர். வண்டியின் பின்புறத்தில் வெளிக்கடையில் வாங்கிய இழுவைக் கொக்கி ஒன்றைப் பொருத்தி, அதில் சிறிய டிரெயிலரைப் பூட்டி, நாற்றுச் செடிகளையோ எரு மூட்டைகளையோ பம்பு செட்டையோ ஏற்றிச் செல்லலாகாதா என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்பே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வழக்கம் பல வருஷங்களாக நடைபெற்று வருவதால், அவ்விடங்களில் தெரியவந்ததைக் கொண்டே இதற்கு விடை கூறுவது நலம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைச் செய்த கம்பெனியார் இழுவைக்கென்று ஓர் எடையைத் தங்கள் கையேட்டில் குறித்திருந்தால் கொக்கியைப் பொருத்தலாம். குறிக்காவிடில், கொக்கி எவ்வளவு உயர்ந்ததாயினும் டிரெயிலர் பூட்டுவதற்காக அதைப் பொருத்தலாகாது.

நாற்பத்தைந்து குதிரைச் சக்தியுள்ள டிராக்டர் டன் கணக்கில் இழுக்கும்போது, இருநூறு குதிரைச் சக்திக்கு மேற்பட்ட வண்டி ஒரு சிறு டிரெயிலரை இழுக்கமாட்டாதா என்று சிலர் கேட்கலாம். இழுக்கும், அதில் ஐயமில்லை. 2018-ஆம் வருஷம் மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் விமான நிலையத்தில், டெஸ்லா மாடல் எக்ஸ் என்னும் மின்சார வண்டி, குவாண்டாஸ் கம்பெனியின் போயிங் 787 விமானம் ஒன்றைச் சுமார் முந்நூறு மீட்டர் தூரம் இழுத்துச் சென்றது. விமானத்தின் எடை சுமார் 130 டன். அதே வண்டிக்குக் கம்பெனியார் அமெரிக்காவில் குறித்திருந்த இழுவை எடையோ 5,000 ராத்தல், அதாவது சுமார் 2,270 கிலோ மாத்திரமே. இதில் முரண் ஒன்றுமில்லை. சமதளத்தில் மெதுவாக உருளும் பாரத்தை நகர்த்துவதற்கு வேண்டிய பலம் சொற்பம். விமானத்தின் பாரம் முழுவதையும் அதன் சக்கரங்களே தாங்கின. வண்டியின் பின்பாகத்தில் ஒரு கிலோ கூட அமரவில்லை. மேடு ஏறுவதும், பள்ளத்தில் குதிப்பதும், குறுக்கே வந்த ஆட்டுக்காக எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சட்டென்று நிறுத்துவதும் அங்கே இல்லை. சாலையில் செல்லும் டிரெயிலருக்கோ இவை யாவும் உண்டு.

டிராக்டர் இழுவைக்கென்றே பிறந்த யந்திரம். அதன் கொக்கி, பின் அச்சைச் சுமக்கும் கனமான வார்ப்பிரும்புக் கூட்டில் பிணைக்கப்பட்டிருக்கிறது, சக்கரம் பெரிது, வேகம் குறைவு. நாம் பேசும் மின்சார வண்டியிலோ பெரும்பாலும் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை அழுத்தி இணைத்த உடலே சட்டத்தின் வேலையையும் செய்கிறது. தரைக்கடியில் சில நூறு கிலோ எடையுள்ள பாட்டரிப் பெட்டி தொங்குகிறது. ஆகவே பின் அச்சும் டயர்களும் பிரேக்கும் ஏற்கனவே கணிசமான பாரத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மோட்டாரின் வலிமையைப் பார்த்து இழுவையை மதிப்பது, மாட்டின் கொம்பைப் பார்த்து உழவை மதிப்பது போலாகும்.

கொக்கியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைக் கண்டு ஏமாறுவோரும் உளர். 3,500 ராத்தல் என்று அதில் குறித்திருந்தால், அந்த இரும்பு அவ்வளவு தாங்கும் என்பதுதான் பொருள். அதைத் திருகாணியால் எவ்வுடலில் பிணைக்கிறோமோ அவ்வுடல் தாங்குமா என்பதைக் கொக்கி செய்தவர் சொல்லவில்லை. போர்டு கம்பெனியின் மஸ்டாங் மாக்-ஈ என்னும் வண்டி இதற்கு நல்ல உதாரணம். அது விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் இழுவை எடை எதுவும் குறிக்கப்படவில்லை. ஆயினும் அதற்கென்று கொக்கி செய்து விற்ற வெளிக் கம்பெனிகள் அங்கே இருந்தன. ஐரோப்பாவில் விற்ற அதே வண்டிக்கு 750 கிலோ வரை அனுமதி இருந்தது. வண்டி ஒன்றாயிருக்க எண் மாறுவானேன் என்று கேட்கலாம். இழுவை எடை என்பது வண்டியோடு பிறந்த குணமன்று. இன்ன வேகம், இன்ன மேடு, கொக்கியின் மேல் இன்ன பாரம் என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கம்பெனியார் கொடுக்கும் வாக்குறுதியே அது. ஜெர்மனியில் டிரெயிலர் பூட்டிய வண்டிக்குச் சாதாரண வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அதைவிட அதிக வேகம் சகஜம்; கொக்கியின்மேல் அமரும் பாரத்தையும் அங்கே அதிகமாக வைக்கிறார்கள். ஆகையால் வேறு தேசத்துக் கையேட்டைக் காட்டி இங்கே வாதாடுவது செல்லாது.

கொக்கியின்மேல் அமரும் பாரம் என்றேன். பாரவண்டி ஏற்றிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மூட்டைகளை முன்னே குவித்தால் முன்பாரமாகி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னே குவித்தால் பின்பாரமாகி நுகத்தடி மேலெழும்ப, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். டிரெயிலரிலும் இதுவே நியாயம். அதன் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இதற்கு 75 கிலோ அல்லது 100 கிலோ என்று உச்சவரம்பு இருக்கும். வரம்பை மீறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும். பின்பாரமானால் ஆபத்து இதனினும் பெரிது: வேகம் கூடும்போது டிரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். மின்சார வண்டியில் மிதியிலிருந்து காலை எடுத்த மாத்திரத்திலேயே மோட்டார் வேகத்தை இழுத்துப் பிடிப்பதால், ஆடும் டிரெயிலர் பின்னாலிருந்து தள்ளும். அளந்து பார்ப்பது எளிது. டிரெயிலரைச் சமதரையில் நிறுத்தி, நெல் நிறுக்கும் பிளாட்பாரத் தராசின்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, பூட்டும் உயரத்திலேயே டிரெயிலரின் மூக்கை அதன்மேல் அமர்த்தினால், கட்டையின் எடை போக மிச்சம் தெரிந்துவிடும்.

இனிப் பொருத்தும் வேலை. வெளிக் கம்பெனியார் செய்த கொக்கி என்ற ஒரு காரணத்தால் அதை இகழவேண்டியதில்லை. குறிப்பிட்ட வண்டிக்கென்றே அளவெடுத்து, கம்பெனியார் விட்டிருக்கும் துவாரங்களிலேயே திருகாணி பூட்டும்படி செய்யப்பட்டவை பல உண்டு. சிலவற்றைப் பொருத்தும்போது பின்புற மோதல் தாங்கியின் உள்ளே இருக்கும் இரும்பு விட்டத்தைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் கொக்கியின் விட்டத்தை வைக்க வேண்டியிருக்கும். பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் உயிரைக் காப்பது இனி அந்தப் புது விட்டந்தான் என்பதை மறக்கலாகாது. நான் அஞ்சுவது நம்மூர் வெல்டிங் பட்டறையை. ஆங்கிள் இரும்பை வெட்டி அரை நாளில் கொக்கி செய்து தருவார்கள்; வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டியின் உடலில் பற்றவைத்தால், உறுதிக்கென்று பதம் செய்யப்பட்ட எஃகு சூட்டினால் தன் பதத்தை இழக்கும்; பற்றவைக்கும் மின்னோட்டம் வண்டியின் நுண்கருவிகளைக் கெடுக்கவும் கூடும். அடியில் கண்ட இடத்தில் துளையிடுவது அதனினும் கேடு. அங்கே ஆரஞ்சு நிற உறையிட்டு ஓடும் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்டு மின்சாரம் உண்டு.

டிரெயிலரின் விளக்குகளுக்கு, வண்டியின் பின்விளக்குக் கம்பியைச் சீவி முறுக்கிக் கட்டும் பழைய பழக்கமும் உதவாது. அதற்கென்று விற்கும் இணைப்புப் பெட்டியை வாங்கி, பன்னிரண்டு வோல்டு பாட்டரியிலிருந்து பியூஸ் வைத்து மின்சாரம் கொடுக்க வேண்டும். திருகாணிகளைக் குறித்த இறுக்கத்திற்கு அளவுகாட்டும் ஸ்பானரால் முடுக்கி, முதல் எண்பது கிலோமீட்டருக்குப் பின் மறுபடி சோதிப்பது நல்லது. எந்த டிரெயிலரானாலும் பாதுகாப்புச் சங்கிலி இன்றியமையாதது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெயிலருக்குத் தனி பிரேக்கும் கட்டாயம்.

சார்ஜ் விஷயத்தில் வீண் பயம் வேண்டாம். உயரமான பெட்டி டிரெயிலரை நெடுஞ்சாலையில் இழுத்தால் வண்டி ஓடும் தூரம் பாதியாகக் குறையலாம். பெரும்பாலும் காற்றுத் தடையே இதற்குக் காரணம். வயலுக்கும் சந்தைக்கும் இடையே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் செல்பவருக்கு இது பெரிதன்று. மலைப் பிரதேசத்தார் மாத்திரம் ஒன்று கவனிக்க வேண்டும்: பாட்டரி நிறைந்திருக்கும்போது மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும் சக்தி குறைந்துவிடுமாதலால், பாரத்தோடு மலையிறங்கப் போகிறவர் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்படலாகாது.

சட்டமும் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனியார் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. முன்புறத்தில் பூட்டும் இரும்புக் காப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசாங்கம் உத்தரவிட்டதும் இப்பிரிவைக் கொண்டே. டிரெயிலரையும் தனியே பதிவு செய்யவேண்டும். விபத்து நேர்ந்தபின் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியார் முதலில் தேடுவது இத்தகைய குறைகளைத்தான். அடிபட்டவன் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கிடைப்பதும் அப்போது வழக்கில் சிக்கிக்கொள்ளும்.

கிராம அதிகாரிகளிடம் யோசனை கேட்டு வருபவரை, முதலில் வண்டியின் கையேட்டை எடுத்துவரச் சொல்லலாம். இழுவை எடை, கொக்கியின்மேல் அமரும் பாரம் ஆகிய இரண்டு எண்களும் அதில் காணப்படவேண்டும். காணாவிடில், விற்ற கம்பெனிக்கு எழுதி, எழுத்து மூலமாகவே பதில் பெறவேண்டும். கடையில் நிற்கும் பையன் “தாராளமாக இழுக்கும் சார்” என்று சொன்னதை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.