மருந்துக்கு நம்மிடம் கணக்கு கேட்கிறாயே, அழியாத விஷத்துக்கு ஆலையிடம் கேட்டாயா?

விவசாயப் பெருங்குடி மக்களே! சிறு தேயிலை விவசாயிகளே! கேரட், உருளை, பூண்டு போட்டு வயிறு கழுவும் தோழர்களே!

பச்சைத் தேயிலையைக் கொண்டுபோய்ப் போட்டால் என்ன மருந்து அடிச்சே, என்னிக்கு அடிச்சே என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஜனங்கள் குடிக்கிற டீயில் விஷம் இருக்கக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எண்டோசல்ஃபானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. காசர்கோட்டில் முந்திரித் தோட்டத்தைச் சுற்றியிருந்த ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தபின் அந்தத் தடையை எந்த விவசாயியும் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கு என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா? முதுகில் பத்து லிட்டர் டேங்க் மாட்டி மருந்து அடிப்பவனிடம் ஒரு கணக்கு, டன் கணக்கில் ரசாயனம் இறக்கும் கம்பெனிக்குக் கணக்கே இல்லை என்றால் அது என்ன நியாயம்?

பி.எஃப்.ஓ.எஸ். என்று ஒரு ரசாயனம். இதன் கூடப்பிறந்தது பி.எஃப்.ஓ.ஏ. இந்தக் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான உருப்படிகள் உண்டு. எல்லாம் ஃபுளோரினைக் கரியோடு கோர்த்துச் செய்தவை. தர்மபுரிப் பக்கம் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு வேறு, அது பாறையிலிருந்து கிணற்றுக்கு வருவது. இது மனுஷன் ஆலையில் செய்தது. தண்ணியும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது என்பதுதான் இதன் விசேஷம். அதனால்தான் தோசை ஒட்டாத தவாவில் தொடங்கி மழைக் கோட்டுத் துணி, தோல், குரோமியம் முலாம் பூசும் தொட்டி, பெட்ரோல் தீயை அணைக்கும் நுரை, போட்டோ பிலிம் வரைக்கும் இந்தக் குடும்பம் புகுந்திருக்கிறது.

வெயிலில் காயாது, மண்ணில் மக்காது. தண்ணியைக் கொதிக்க வைத்தால் தண்ணிதான் வற்றும், இது போகாது. பயிர் வேர் வழியாக உறிஞ்சும். பி.எஃப்.ஓ.எஸ். ஒரு தடவை உடம்பில் ஏறினால் அதில் பாதி இறங்கவே ஏறக்குறைய 5 வருஷம் ஆகும். பி.எஃப்.ஓ.ஏ. மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023 கடைசியில் முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது. பி.எஃப்.ஓ.எஸ்.ஸை உண்டாக்கக்கூடும் என்ற வகுப்பில் வைத்தது.

இதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னது விஞ்ஞானியா? இல்லை தோழர்களே, ஒரு மாட்டுக்காரர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் வில்பர் டென்னன்ட் என்ற விவசாயி. பக்கத்தில் டூபான்ட் கம்பெனி குப்பை கொட்டிய இடத்திலிருந்து வந்த ஓடையில் அவர் மாடுகள் தண்ணி குடித்தன. நூற்றுக்கு மேல் செத்தன. செத்த மாட்டை அறுத்துப் பார்த்து, நுரை தள்ளும் ஓடையை வீடியோ எடுத்து, வக்கீல் ராபர்ட் பிலாட்டிடம் போனார். 1999-இல் வழக்கு. அதிலிருந்து கிளம்பிய அடுத்த வழக்கில் சுமார் 69,000 பேர் ரத்தம் சோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு என்று ஆறு வியாதிகளோடு தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு என்று விஞ்ஞானிகள் குழு சொன்னது. 2017-இல் கம்பெனிகள் 67 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டன. ஒரு மாட்டுக்காரர் பிடிவாதம் பிடித்ததால் வந்தது இது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். அழியாத விஷங்களை ஒழிக்க ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. இந்தியா 2006-இல் அதில் சேர்ந்தது. 2009-இல் பி.எஃப்.ஓ.எஸ். அந்தப் பட்டியலில் ஏறியது. ஆனால் புதிதாக ஏறும் விஷத்தை நாங்களாக ஒப்புக்கொண்டால்தான் எங்களைக் கட்டுப்படுத்தும் என்று இந்தியா சேரும்போதே எழுதி வைத்துவிட்டது. 2011-இல் ஒப்பந்தச் செயலகத்துக்குக் கொடுத்த தேசியத் திட்டம் பழைய 12 விஷங்களைப் பற்றியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு விதி போட்டு ஏழு ரசாயனங்களைத் தடுத்தது, 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அதே ஏழுக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த ஏழில் பி.எஃப்.ஓ.எஸ். இல்லை.

ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன நஷ்டம்? எந்த ஆலை வாங்குகிறது, எத்தனை கிலோ, கழிவு எங்கே போகிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கும் கடமை வராது. கணக்கு இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை! நம் குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் இந்த ரசாயனத்துக்கு அளவே குறிக்கவில்லை. அமெரிக்கா 2024-இல் ஒரு லிட்டரில் 4 நானோகிராம் என்று வைத்தது. ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோகிராம்.

தமிழ்நாட்டில் இல்லை என்று நினைக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இரண்டு ரசாயனமும் இருப்பதை 2016-லேயே எழுதினார்கள். கணக்கு எடுக்க வேண்டியவர்கள்தான் எடுக்கவில்லை.

இதற்கிடையில் இத்தாலியில் நடந்ததைக் கேளுங்கள். விசென்சா பக்கம் மிடேனி என்ற ஆலை இந்த ரசாயனத்தைச் செய்து மூன்று லட்சம் ஜனங்களுக்கு மேல் குடிக்கும் தண்ணியைக் கெடுத்தது. 2018-இல் திவாலானது. 2025 ஜூனில் அதன் அதிகாரிகள் 11 பேருக்குச் சிறைத் தண்டனை. அந்த ஆலையின் மிஷின்கள் எங்கே போயின? ஒரு இந்தியக் கம்பெனி வாங்கி, கப்பலேற்றி, மராட்டிய மாநிலம் ரத்னகிரி மாவட்டம் லோட்டே பரசுராமுக்குக் கொண்டுவந்தது! அவன் ஊரில் ஜெயிலுக்கு அனுப்பிய தொழில், நம் ஊரில் முதலீடு, வேலைவாய்ப்பு.

நம் மலைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று பெர்ன்ஹில்லில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2009-இல் பி.எஃப்.ஓ.எஸ்.ஸைப் பட்டியலில் ஏற்றியபோது சில தொழில்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அதில் ஒன்று போட்டோ பிலிம் பூச்சு. அந்த விலக்கு 2019-இல்தான் போனது. ஊட்டி இந்து நகரில் எச்.பி.எஃப். என்று நம் ஆட்கள் பரம்பரையாக வேலை பார்த்த மத்திய அரசின் பிலிம் ஆலை இருந்தது. 1960-இல் உருவான கம்பெனி, எக்ஸ்ரே பிலிம் செய்தது, இப்போது உற்பத்தி நின்று கிடக்கிறது. அங்கே இந்த ரசாயனம் வந்தது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. கணக்கெடுப்பு என்று ஒன்று நடந்தால் மலையில் முதலில் புரட்ட வேண்டியது அந்த ஸ்டாக் ரிஜிஸ்டரைத்தான் என்கிறோம். அரசு ஆலை, அரசு ரிஜிஸ்டர். காட்ட என்ன தயக்கம்? அந்த நிலத்தை வேறு எதற்காவது கொடுப்பதற்கு முன் மண்ணையும் தண்ணியையும் சோதித்துவிடு.

நம் தண்ணி நம்மோடு நிற்பதும் இல்லை. கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் கழுவிய தண்ணி காட்டேரி வழியாகக் குன்னூர் ஆறு, அங்கிருந்து பவானி, பவானிசாகர், ஈரோட்டு வாய்க்கால் என்று போகிறது. மேலே ஒரு சொட்டு விழுந்தாலும் கீழே இருக்கும் சகோதரனுக்கும் பங்கு உண்டு.

நஷ்டம் யார் தலையில் விழும்? அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் சாக்கடைச் சகதியை இலவச உரம் என்று வயலுக்குக் கொடுத்தார்கள். அதில் இந்த விஷம் இருந்தது. பால் விற்க முடியாமல் பண்ணைகள் மூடின. 2022-இல் சகதி போடுவதையே தடை செய்து, விவசாயிகளுக்கென 6 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நமக்கு யார் ஒதுக்குவார்கள்? ஐரோப்பா 2023 ஜனவரியிலிருந்து முட்டை, மீன், இறைச்சியில் இதற்கு அளவு வைத்துவிட்டது. நாளைக்குத் தேயிலைக்கும் காய்கறிக்கும் வைத்தால் திரும்பி வருவது நம் சரக்கு. கொட்டினவன் எங்கேயோ இருப்பான்.

இன்னொன்று. பூச்சிமருந்து பிளாஸ்டிக் கேன்களில் சிலதுக்கு உள்பக்கம் ஃபுளோரின் ஏற்றுவார்கள், அதிலிருந்தே இந்த ரசாயனம் மருந்தில் இறங்குவதை அமெரிக்க சுற்றுச்சூழல் துறை 2021-இல் கண்டது. காலி கேனைக் கழுவித் தண்ணி பிடித்து வைக்கும் வீட்டுக்காரம்மாக்களே, அந்தப் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

நொய்யலை மறக்க வேண்டாம். 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர் சாயக்கழிவுக் குட்டையாக மாறியபோது, ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம்தான் கோர்ட்டுக்குப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அதனால்தான். அங்கே தண்ணியின் நிறமே சாட்சி சொன்னது. இந்த விஷத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, காகிதம்தான் சாட்சி. ஆகவே காகிதத்தைக் கேட்போம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஊருக்கு ஒரு மனு. நீலகிரியிலும் பவானிக் கரையிலும் பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. வாங்கும் அல்லது வாங்கிய ஆலைகள் எவை? எத்தனை கிலோ? கழிவு எங்கே போனது? ஊட்டி ஏரி, கோடப்பமந்து கால்வாய், காட்டேரி தண்ணியில் எப்போதாவது சோதித்தீர்களா? காந்தல் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துச் சகதி எங்கே போகிறது? 30 நாளில் பதில் தர வேண்டும். "தகவல் இல்லை" என்று எழுதினால் அதுவும் நமக்கு ஆதாரம், பத்திரமாக வையுங்கள். பதில் நகலோடு கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் குறைந்தது இரண்டு பேர் வந்து சேருங்கள். மனு மாதிரி சங்க ஆபீசில் இருக்கிறது, எழுதத் தெரியாதவர்களுக்கு அங்கேயே எழுதித் தரப்படும்.