‘பாட்டில் ராதா’: பூட்டி வைத்தால் குடி போய்விடுமா?

2025 ஜனவரியில் வெளியான ‘பாட்டில் ராதா’வில் குரு சோமசுந்தரம், குடியை விட முடியாத கட்டடத் தொழிலாளி. மனைவி அவரை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறார். குடிப்பவர், சகிப்பவர் இருவருமே தனித்துப்போவதுதான் படத்தின் வலி.

தாம்பரம், குரோம்பேட்டை வீடுகளுக்கும் இது புதுசு இல்லை. ‘வெளியே தெரிஞ்சா அசிங்கம்’ என்று மறைப்பார்கள். சிலர் ஆளை அறையில் வைத்துப் பூட்டுவார்கள். அது ஆபத்து. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பு அவசியம்.

கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சிகிச்சை அமைப்பே தொடங்கினார். அதன் டிடிகே மருத்துவமனை அடையாறில் இருக்கிறது; குடும்பத்துக்கும் சேர்த்தே ஆலோசனை தருகிறது. இலவச உதவி எண் 14446. பூட்டைத் தேடாதீங்க, போனை எடுங்க.