மெயின்டனன்ஸ் கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும்: வாடகைக் குடியிருப்போர் சார்பில் ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

சென்னையிலும் அதன் புறநகரிலும் அடுக்குமாடி வளாகங்களில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. வளாகப் பராமரிப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிறுவனங்களின் அலட்சியம் பற்றி எங்களுக்கு வரும் புகார்கள் பெருகிக்கொண்டே போகின்றன. இதில் உங்கள் நிலைப்பாடு என்ன என்று வீட்டு உரிமையாளர் சங்கங்கள் கேட்கின்றன. மாதாமாதம் மெயின்டனன்ஸ் பணம் யார் கையிலிருந்து போகிறதோ, அந்தப் பணத்துக்கான வேலையைக் கேட்டு வாங்கும் உரிமையும் அவருக்கே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு. வாடகைக்கு இருப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

பணம் போகும் வழியைப் பாருங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, வாடகைதாரர் அசோசியேஷன் கணக்குக்கு மெயின்டனன்ஸ் கட்டுகிறார்; அல்லது வாடகையோடு சேர்த்து ஓனரிடம் கொடுக்கிறார். அசோசியேஷன் அதிலிருந்து பராமரிப்பு நிறுவனத்துக்கு பில் தொகையைத் தருகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நிறுவனமும் அசோசியேஷனும் மட்டும். அசோசியேஷனில் உறுப்பினராக இருப்பவர்கள் உரிமையாளர்கள் மட்டும். லிஃப்டில் மாட்டிக்கொள்பவர், குழாயில் வரும் கலங்கல் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டுபவர், இருட்டு மாடிப்படியில் தடுமாறுபவர் எந்தத் தாளிலும் இல்லை. பில்டர் இன்னும் வளாகத்தை ஒப்படைக்காமல் தன்னுடைய துணை நிறுவனத்தையே பராமரிப்புக்கு வைத்திருக்கும் இடங்களில் உரிமையாளர்களின் கதியும் ஏறக்குறைய இதுதான்.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு வளாகத்தில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறார். சமையலறைக் கூரையில் ஈரம் ஊறத் தொடங்கியது. நிறுவனத்தின் ஆப்பில் புகார் போட்டார். மறுநாள் காலையில் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. யாரும் வந்து பார்க்கவில்லை. மறுபடி போட்டார். ‘வீட்டுக்குள் உள்ள வேலை, ஓனர் பொறுப்பு’ என்று எழுதி மூடினார்கள். கோவையில் இருக்கும் ஓனருக்கு போன் செய்தால், “மெயின்டனன்ஸ் கட்டுறீங்கல்ல, அசோசியேஷன்ல கேளுங்க” என்றார். அசோசியேஷன் செயலாளரோ, “நீங்க மெம்பர் இல்லையேம்மா, ஓனரை மெயில் போடச் சொல்லுங்க” என்றார். மேல் வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். இப்படியே போய், ஒருநாள் கூரைப் பூச்சு பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. அடுப்பில் அப்போது எதுவும் இல்லாததால் யாருக்கும் காயமில்லை.

கடைசியில் கசிவு எங்கே இருந்தது தெரியுமா? மேல் வீட்டிலும் இல்லை, இவர் வீட்டிலும் இல்லை. எல்லா வீடுகளுக்கும் பொதுவாக மேலிருந்து கீழே இறங்கும் கழிவுநீர்க் குழாயின் ஒரு இணைப்பில்தான் கசிவு. அந்தக் குழாய் போகும் சந்தின் கதவு பூட்டியிருந்தது. சாவி பராமரிப்பு அலுவலகத்தின் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாளே ஒருவர் டார்ச் லைட்டோடு அந்தக் கதவைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் வேலை. பொது இடத்துக் குழாய் யார் பொறுப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தும் கேட்டவர் வாடகைதாரர் என்பதால் கேள்வி மூன்று வாசல்களுக்கு அலைந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுது, குழாய் மாற்றுதல், மின் வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணை சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. தன் பங்குப் பழுதை உரிமையாளர் பார்க்க மறுத்தால், வாடகைதாரரே பார்த்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. உரிமையாளர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சொத்து மேலாளரையும் இந்தச் சட்டம் அங்கீகரித்து, அவசியமான பழுதுகளைப் பார்ப்பது அவர் கடமைகளில் ஒன்று என்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, துப்புரவு போன்ற அத்தியாவசிய சேவைகளை நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

இவ்வளவு இருந்தும் நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட வளாகத்தில் இந்தச் சட்டம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. தனி வீட்டையும் ஒரு உரிமையாளரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது போல இருக்கிறது. பொது வசதிகளை யார் பராமரிப்பது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்று அது விட்டுவிட்டது. நம் ஊர் ஒப்பந்தங்களில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ‘மெயின்டனன்ஸ் தொகையை வாடகைதாரரே செலுத்த வேண்டும்.’ அவ்வளவுதான். பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வார்த்தை இருக்காது. பராமரிப்பு நிறுவனமும், நாங்கள் அசோசியேஷன் நியமித்த ஒப்பந்ததாரர்கள், எந்த ஓனருடைய சொத்து மேலாளரும் இல்லை என்று நழுவிக்கொள்கிறது. 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் புதுச் சட்டம் வந்ததும் உரிமையாளர்களை மையமாக வைத்துத்தான்.

இந்த இடைவெளியில் எங்களுக்குப் பிடிமானமாக இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பணம் கொடுத்து ஒரு சேவையை அமர்த்தியவர் மட்டுமல்லாமல், அவருடைய ஒப்புதலோடு அந்தச் சேவையின் பயனை அடைபவரும் நுகர்வோர்தான் என்று அது சொல்கிறது. பராமரிப்பு நிறுவனம் அசோசியேஷனுக்குப் போடும் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. வரி வசூலிக்கும்போது சேவை, புகார் வரும்போது மட்டும் ‘உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்றால் எப்படி? பயன் அடையும் வாடகைதாரருக்கு நிறுவனம் நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பது எங்கள் உறுதியான கருத்து. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைகளுக்குக் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த வழியை எடுக்கும் உறுப்பினர்களுக்கு மனு எழுத நாங்கள் உதவுகிறோம்.

அலட்சியம் எங்கே பிறக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடமோ, படிக்கட்டு துடைக்கும் அம்மாவிடமோ அது பிறப்பதில்லை. கொட்டேஷன் கேட்கும்போதே பிறந்துவிடுகிறது. யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அவர்களுக்கே ஒப்பந்தம். குறைந்த விலைக்கு வேலை செய்ய நிறுவனம் ஆளைக் குறைக்கும், சம்பளத்தைக் குறைக்கும். பல பிளாக்குகளுக்குச் சேர்த்து ஒரே பிளம்பர் ஓடிக்கொண்டிருப்பார். மோட்டார் ஆபரேட்டர்தான் எலக்ட்ரீஷியனும். சம்பளம் கட்டுப்படியாகாமல் அவர்களும் சில மாதங்களில் போய்விடுவார்கள். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்ற அறிவும் அவர்களோடு போய்விடும். புதிதாக வருபவர் ஒரு வீட்டுத் தண்ணீரை நிறுத்தப் போய் ஒரு பிளாக்கையே காயப்போடுவார். ஒப்பந்தத்தில் எத்தனை ஆள், எத்தனை ஷிஃப்ட் என்று இருக்குமே தவிர, புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், வராவிட்டால் பில்லில் எவ்வளவு பிடிப்பது என்று இருக்காது.

ஆகவே குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கொடுக்காத நிறுவனத்துக்கு எந்த அசோசியேஷனும் ஒப்பந்தம் தரக் கூடாது என்பதும் எங்கள் நிலைப்பாட்டில் அடங்கும். கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடைப் பணியில் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. நாற்றம் தாங்கவில்லை, இன்றைக்கே சரிசெய்யுங்கள் என்று நாங்கள் கொடுக்கும் அழுத்தம் ஒரு தொழிலாளியைத் தொட்டிக்குள் இறக்கும் அழுத்தமாக மாறிவிடக் கூடாது. இயந்திரம் வரும்வரை காத்திருக்க எங்கள் உறுப்பினர்கள் தயார். பராமரிப்பைத் தள்ளிப்போட்டு அடைப்பை வரவழைப்பதுதான் ஆளை இறக்கும் நிலையைக் கொண்டுவருகிறது.

தண்ணீர் விஷயத்தில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது பழைய மகாபலிபுரம் சாலை வளாகங்கள் லாரித் தண்ணீரை மட்டுமே நம்பி இருந்தன. இன்றும் பல வளாகங்களுக்கு லாரிதான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்டால் நிறுவனத்திடம் தாள் இல்லை. ஒரு வளாகத்தின் சம்ப் மூடிக்குப் பக்கத்துச் சுவரில், சுத்தம் செய்த தேதியைப் பெயின்டால் எழுதியிருக்கிறார்கள். அடுத்த தேதிக்கான கட்டம் காலியாக இருக்கிறது. அந்தச் சுவரைத் தினமும் கடந்துதான் மேலாளர் தன் அறைக்குப் போகிறார்.

உரிமையாளர் சங்கங்கள் எங்களிடம் வைக்கும் வாதம் நியாயமற்றது என்று சொல்ல மாட்டோம். ‘பதினோரு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு எதற்கு அதிகாரம்? கடனும் சொத்தும் எங்களுடையது’ என்கிறார்கள். கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கலாமா, லிஃப்டை மாற்றலாமா, கார்பஸ் நிதியை எதில் போடலாம் என்பவை உரிமையாளர்கள் முடிவு செய்ய வேண்டியவை. அவற்றில் நாங்கள் ஓட்டுக் கேட்கவில்லை. நாங்கள் கேட்பது நாங்கள் கட்டிய மாதச் செலவின் கணக்கையும், எங்கள் புகாருக்கான பதிலையும்தான். பதினோரு மாதக் கணக்கும் நாங்கள் கேட்டு வந்ததில்லை. ஒரு வருடத்தைத் தாண்டினால் பத்திரப்பதிவு செய்ய வேண்டும் என்பதற்காக வந்த வழக்கம் அது. 2017 சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். மேலும், அதே வளாகத்தில் பிளாக் மாறி மாறி வருடக்கணக்கில் குடியிருப்பவர்கள் எங்களில் ஏராளம். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரைவிட அந்த வளாகத்தின் குழாயையும் கொசுவையும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பராமரிப்பு நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது இது: வாடகைதாரரின் புகாரை ஓனர் மெயில் போட்டால்தான் எடுப்போம் என்ற நிபந்தனையை விடுங்கள். புகார் கொடுத்தவர் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லாமல் ஆப்பில் அதை மூடாதீர்கள். உங்கள் வேலை இல்லையென்றால், யாருடைய வேலை என்பதை நேரில் வந்து பார்த்த பிறகு எழுத்தில் கொடுங்கள். லிஃப்டின் உரிமம், கடைசி சர்வீஸ் தேதி, தண்ணீர்ச் சோதனை முடிவு ஆகியவை அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

ஓனர் பாக்கி வைத்திருக்கிறார் என்பதற்காக வாடகைதாரரின் தண்ணீரை நிறுத்துவதும், கேட் ஆப்பில் அவரை முடக்குவதும், வீட்டைக் காலி செய்யும் நாளில் சாமான் வண்டியை வாசலில் மறிப்பதும் அசோசியேஷன்களின் கைவரிசையாகி வருகிறது. பாக்கியை வசூலிக்க உரிமையாளர்மேல் நடவடிக்கை எடுக்க ஆயிரம் வழி இருக்கிறது. குடியிருப்பவரின் குழாயை அதற்குக் கருவியாக்குவதை எங்கள் அமைப்பு ஒவ்வொரு முறையும் வாடகை அதிகாரியிடம் கொண்டுபோகும்.

தமிழ்நாடு அரசு இரண்டு காரியம் செய்ய வேண்டும். அசோசியேஷன் நியமிக்கும் பராமரிப்பு நிறுவனத்துக்கும் சொத்து மேலாளரின் கடமைகள் பொருந்தும் என்று 2017 சட்டத்தின் கீழ் தெளிவுபடுத்த வேண்டும். அதோடு, அரசின் மாதிரி வாடகை ஒப்பந்தத்தில் மெயின்டனன்ஸ் தொகை, அதற்கான சேவைகள், புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஒப்பந்தம் பதிவாக வேண்டும் என்று சட்டம் சொன்ன பிறகும் பதிவில்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால், நாளைக்குப் புகார் சொல்லப் போகும் இடத்தில் கையில் எதுவும் இருக்காது. வாய்வார்த்தையாகச் சொல்வதை விட்டு, தேதியிட்ட படத்தோடு எழுதி அனுப்புங்கள். மெயின்டனன்ஸ் கட்டிய ரசீதைத் தனியாக வாங்கி வையுங்கள். கோபத்தில் மெயின்டனன்ஸை நிறுத்திவிடாதீர்கள். அந்த மாதமே நிறுவனத்துக்குச் சாக்கு கிடைத்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் வெள்ளம் சூழ்ந்து, மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் போனது. மாடிகளில் முதியவர்களும் கைக்குழந்தைகளும் தண்ணீர் ஏறாமல் தவித்தார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பாக, தரைத்தளத்து மின் பலகை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேர டீசல் இருக்கிறது, வெள்ளநீர் மோட்டார் ஓடுகிறதா, அவசரத்துக்கு இரவில் யாரை அழைப்பது என்ற நான்கு விவரங்களையும் ஒவ்வொரு பராமரிப்பு நிறுவனமும் செப்டம்பர் 30-க்குள் வளாகத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும், ஓனர், டெனன்ட் என்று பிரிக்காமல், எழுத்தில் தர வேண்டும். தராத வளாகங்களின் பட்டியலை அக்டோபர் முதல் வாரத்தில் மாவட்ட ஆட்சியர்களிடம் நேரில் கொடுப்போம்.