கம்பெனி போன கார்: விலையை மட்டும் பார்க்கலாமா?

சென்ற மாதம் தவளக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் பருப்புப் பாக்கியைக் கட்ட வந்தார். பணத்தை எண்ணி வைத்துவிட்டுக் கையிலிருந்த போனை என் முன் நீட்டினார். "ஐயா, டட்சன் ரெடி-கோ, ஒரே ஓனர். இதே வருஷத்து மாருதிக்குக் கேக்கிற விலையைப் பார்த்தா இது பாதிதான். எடுத்துடட்டுமா?" என்றார். விலை குறைவுதான், மறுப்பதற்கில்லை. ஏன் குறைவு என்று அவரும் கேட்கவில்லை, விளம்பரத்திலும் இல்லை.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சோப்போ, டீத்தூளோ, கம்பெனி படுக்கப்போகிறது என்று தெரிந்தால் ஏஜென்ட் பெட்டி பெட்டியாகப் பாதி விலைக்குத் தள்ளுவார். நாம் முதலில் கேட்பது, "டேமேஜ் ரிட்டர்ன் யார் எடுப்பது?" என்றுதான். பத்து ரூபாய் சோப்புக்குக் கேட்கும் கேள்வியை இரண்டு லட்ச ரூபாய் காருக்குக் கேட்க மறந்துவிடுகிறோம். சோப்பு ஒரு மாதத்தில் விற்றுத் தீர்ந்துவிடும். கார் வாசலில் பத்து வருடம் நிற்கும்.

நம் பக்கத்து மனிதர்களுக்கு இதில் முதல் பாடம் சொன்னது வண்டலூர். ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அங்கேதான் ஹெரால்டு, கெஸல் கார்களைச் செய்தது. 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரை விட்டார்கள். உடம்பு இங்கிலாந்து ரோவர் காருடையது, இன்ஜினோ பழங்காலத்தது. விலை அம்பாசிடரைவிட மிக அதிகம், பெட்ரோலையும் குடித்துத் தீர்த்தது. 1988ல் நிறுத்திவிட்டார்கள். அந்தக் காரைச் சொற்பப் பேர்தான் வாங்கியிருந்ததால், பாகம் செய்து விற்க எந்த வியாபாரியும் முன்வரவில்லை.

அம்பாசிடர் கதை வேறு. 2014ல் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றது. ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. அதன் வயிற்றைப் பிரித்துப் போடத் தெரியாத மெக்கானிக் கடலூர் ரோட்டில் ஒரு காலத்தில் கிடையாது. பத்மினியும் அப்படித்தான். 2000 வாக்கில் உற்பத்தி நின்ற பிறகும் பம்பாயில் டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. கம்பெனி போனாலும் கைவேலைக்காரர்கள் இருந்தார்கள், சரக்கு புழக்கத்தில் இருந்தது. (2017ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய் கொடுத்து பிரெஞ்சு பேஜோ கம்பெனி வாங்கியது. அந்தப் பெயரில் ஒரு வண்டியும் வரவில்லை. கடைப் பெயர்ப் பலகைக்கு விலை இல்லை என்று நினைக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

இப்போது விளம்பரங்களில் மலிவாக வருபவை பிந்திய காலத்தவை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு செவர்லே விற்பனையை இந்தியாவில் நிறுத்தியது. போர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022ல் மறைமலைநகர் ஆலையை மூடியது. திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் நாமெல்லாரும் பார்த்த ஆலைதான். அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தப்போவதாக 2024ல் சொன்னார்கள். அதனால் நம் ஊரில் கார் விற்க வருகிறார்கள் என்று பொருள் இல்லை. ஒரகடத்தில் செய்யப்பட்ட டட்சன் 2022 ஏப்ரலில் நின்றது.

எனக்கும் இதில் பட்ட அனுபவம் உண்டு. பெயர் வேண்டாம், விற்பனையை நிறுத்திவிட்ட கம்பெனியின் டீசல் கார் ஒன்றை லைன் வசூலுக்காக வாங்கினேன். சொகுசில் குறை இல்லை. பூரணாங்குப்பத்திலிருந்து கிருமாம்பாக்கம், பாகூர், கரையாம்புத்தூர் என்று ஒரே நாளில் சுற்றி வருவேன். இரண்டாம் வருடம் தை பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நின்றது. உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று போய்விட்டது. புதுச்சேரியில் இல்லை, சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு தடவை தேடியும் இல்லை. கடைசியில் கோயம்புத்தூரில் விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றி வந்தது. 47 நாள் வண்டி ஷெட்டில் கிடந்தது.

பாகத்துக்குக் கொடுத்த பணம் பெரிதில்லை. பொங்கல் வெல்லமும் பச்சரிசியும் கடனுக்குப் போயிருந்த நேரம் அது. பையனுடைய பைக்கில் நான் எத்தனை கடைக்குப் போக முடியும்? இரண்டு பழைய வாடிக்கைக் கடைகள் கடலூர் மொத்தக்கடைக்குத் திரும்பிவிட்டன. ஒரு கடைக்காரர் என் பாக்கியோடு கடையையே காலி செய்துவிட்டார். அவர் இருக்கும் இடம் இன்றுவரை தெரியவில்லை. காரில் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் இரு மடங்கு அந்த ஒரு பேரேட்டுப் பக்கத்திலேயே போயிற்று.

அதற்காக, நின்றுபோன கார் எதையும் தொடாதே என்று நான் சொல்லவில்லை. அந்தக் கார் யாரோடு உறவு வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின்தான் மாருதி ஸ்விப்டிலும் டாடா விஸ்டாவிலும் ஓடியது. பியட் கடையைக் கட்டினாலும் இன்ஜின் சாமானுக்குப் பஞ்சம் இல்லை. தம்பி காட்டிய ரெடி-கோவுக்கு ரெனோ க்விட் வண்டியின் இன்ஜின். நிசான் கம்பெனியும் இங்கே இருக்கிறது. இடித்தால் மாற்ற வேண்டிய ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, இவைதான் அந்தந்த மாடலுக்கே உரியவை. விலை பேசுவதற்கு முன் இந்த மூன்றுக்கும் பாகக்கடையில் விலை கேளுங்கள். "வரவழைத்துத் தருகிறோம்" என்றால், எத்தனை நாளில் என்று கேளுங்கள். அவர் சொல்லும் நாளை இரண்டால் பெருக்கிக்கொள்வது என் வழக்கம்.

இன்னொன்று வயது. 15 வருடம் தாண்டிய காரின் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 வருடம் தாண்டினால் 10,000 என்று 2025ல் ஆக்கினார்கள். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் பைனான்ஸ்காரரின் தடையின்மைச் சான்று கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சொந்த உபயோகக் காரில் பின்சீட்டை மடக்கி அரிசி மூட்டை ஏற்றுவதும் கூடாது. இதை எழுதும்போது சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். அவர் பாகக்கடையில் கேட்டுவிட்டு வந்தார். கண்ணாடியும் ஹெட்லைட்டும் உண்டு, பம்பருக்குப் பத்து நாள் என்றார்களாம். அதைக் காட்டியே விற்பவரிடம் பதினைந்தாயிரம் குறைத்து வாங்கிவிட்டார்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களில் பலரிடம் இப்படிப்பட்ட வண்டிகள் இருக்கின்றன. எந்த வண்டிக்கு எந்த மெக்கானிக், எந்தப் பாகம் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைக்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் போட வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொண்டால், கோயம்புத்தூர் கடையின் முகவரியை முதல் பக்கத்தில் நானே எழுதித் தருகிறேன்.