தானே தெளிக்கும் நீர்

வட்டக்கோட்டையின் கருங்கல் மதில்மேல் நண்பகல் வெயிலில் ஏறினோர், கடற்காற்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விப்பதை உணர்ந்திருப்பர். டர்போ மோட்டார் வண்டியின் இன்டர்கூலர் நீர்த்தெளிப்பானும் இவ்வியற்கையையே பற்றியது. டர்போ அழுத்துங்கால் காற்று சூடேறி அடர்த்தி குன்றும். எஞ்சினின் ஆற்றலும் உடன் குன்றும். இன்டர்கூலரின் புறத்தே தெளித்த நீரோ, கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாகும்.

சுபாரு இம்ப்ரெசா வகைகள் சிலவற்றில் இதற்கெனச் சாரதி பொத்தானை அழுத்தவேண்டியிருந்தது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் சிலவற்றில் தானியங்கு முறையும் அமைந்திருந்தது. பொத்தானுடைய வண்டியையும் அவ்வாறு மாற்றுதல் தகுமோ எனின், தகும் என்போம். வளைவில் விரையும் சாரதியின் கண் சாலைக்குரியது, பொத்தானுக்குரியதன்று.

ஆயினும், டர்போவின் அழுத்தம் ஒன்றையே கண்டு இயங்கும் விசை போதாது. குளிர்ந்த காலையிலும் அது நீரை வீணாக்கும். அழுத்த விசையையும் வெப்ப விசையையும் தொடராக இணைப்பின், இரண்டும் மிகும்போதே பம்பு இயங்கும். இடைவிட்டுத் தெளித்தலும் நன்று. கடலோர ஈரக்காற்றில் நீர் மெல்லவே ஆவியாதலின், மிகைநீர் வறிதே வழிந்தோடும்.

தொட்டி வறண்டமையை அறிவிக்கும் விளக்கும் இன்றியமையாதது. தீவட்டியோடு எண்ணெய் கொண்டு செல்லாத கன்னிகைகளின் உவமையை நாம் மறத்தலாகாது. தானியங்கும் பொறி சாரதியின் கைக்கு ஓய்வளிக்கலாம். அவனது விழிப்புக்கு ஓய்வளித்தலாகாது.