கலியாணப் பத்திரிகையும் தபால் செலவும்

நமது மக்கள் கலியாணத்தில் செய்கின்ற வீண் செலவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பந்தல், மேளம், நகை, சாப்பாடு, புரோகிதர் தட்சணை ஆகியவைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்களே ஒழிய, கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே ஆரம்பித்துவிடுகின்ற பத்திரிகைச் செலவை யாரும் கவனிப்பதில்லை. "காகிதம்தானே, அதில் என்ன போய்விடப் போகின்றது?" என்பார்கள். என்ன போகின்றது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றே இதை எழுதுகின்றோம்.

தபாலாபீசு கடிதத்தின் அழகைப் பார்த்துக் கூலி கேட்பதில்லை. எடையைப் பார்த்துத்தான் கேட்கின்றது. 1854-ம் வருஷத்தில் இந்நாட்டில் தூரத்துக்குத் தக்க கூலி என்பதை ஒழித்து, கால் தோலா எடைக் கடிதம் எந்த ஊருக்குப் போனாலும் அரை அணா என்று வைத்தார்கள். 1879-ல் காலணாக் கார்டு வந்தது. ஏழையும் தன் வீட்டுச் சேதியை நூறு மைலுக்கு அப்பால் சொல்லிக்கொள்ள வழி ஏற்பட்டது அப்படித்தான். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய் என்பது வெகு வருஷங்களாக இருந்து வருகின்ற விகிதம். 20-க்கு மேல் ஒரு கிராம் ஏறினாலும் முழுசாக இன்னொரு 5 ரூபாய்தான்.

இனிப் பத்திரிகைக்கு வருவோம். ஆபீசுகளில் உபயோகிக்கும் சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம் எடையுள்ளது. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, நேரம், இடம், வந்து சேரும் வழி இவ்வளவும் அதில் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிடும். உறையோடு சேர்த்தாலும் 20 கிராமுக்குள் நிற்கும். அதே அளவுக்குக் கெட்டி அட்டை போட்டால் அட்டை மாத்திரமே சுமார் 19 கிராம் ஆகும். உறையில் நுழைத்தவுடன் கூலி 10 ரூபாய் ஆகிவிடும். வெளியூருக்கு 400 பத்திரிகை என்று வைத்துக்கொண்டால் 2,000 ரூபாயில் முடிய வேண்டியது 4,000 ரூபாய். பெட்டியும், பட்டுக் கயிறும், மேலே தகரப் பிள்ளையாரும் சேர்ந்து ஒன்று 120 கிராம் எடை வந்தால் 12,000 ரூபாய். அச்சுக்கூலி இதில் சேரவில்லை. அந்தப் பிள்ளையார் தம் எடைக்குத் தாமே ஸ்டாம்பு வாங்கி ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. பெண்ணைப் பெற்றவன்தான் வட்டிக்கு வாங்கி ஒட்ட வேண்டும்!

இவ்வளவு கனமான பத்திரிகை போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆகின்றது? தேதியைப் பார்த்துவிட்டு அலமாரியின் மேல் போடுகின்றார்கள். சாமி படம் அச்சடித்திருப்பதால் கிழிக்கவும் பயம், குப்பையில் போடவும் பயம். இரண்டு வருஷம் தூசி ஏறிக் கிடந்து பிறகு போகிக்கு நெருப்பில் போகின்றது.

அது மாத்திரமா? அச்சுக்கூடத்திலிருந்து கட்டு வந்தவுடன் தபாலில் சேர்த்தால் போதாதா? சேர்க்க மாட்டார்கள். முதலில் குலதெய்வத்துக்கு ஒன்று வைக்க வேண்டும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். ராகு காலம், எமகண்டம் கழிய வேண்டும். இப்படியே பத்து நாள் போன பிறகு, "ஐயோ, நாள் நெருங்கிவிட்டதே" என்று, 5 ரூபாயில் போயிருக்க வேண்டியதைப் பல மடங்கு கொடுத்துக் கூரியரில் அனுப்புகின்றார்கள். நல்ல நேரம் பார்த்ததற்குக் கூலி கூரியர்க்காரருக்குப் போகின்றது!

மேல்விலாசம் எழுதுகின்ற விதமோ கேட்க வேண்டியதில்லை. உயர்திரு என்றும், பட்டம் என்றும், ஜாதிப்பெயர் என்றும் மூன்று வரி எழுதுவார்கள். தெருவும் கதவு எண்ணும் இருக்காது. 1972-ல் ஏற்படுத்திய ஆறு இலக்கப் பின்கோடும் இருக்காது. திரும்பி வந்த பத்திரிகைக்கு ஒட்டிய ஸ்டாம்பை யார் திருப்பித் தருவார்கள்? இன்னும் சிலர் எடை போட்டுப் பாராமல் குறைவாக ஒட்டிவிடுவதும் உண்டு. குறைந்த தொகைக்கு இரட்டிப்பாகப் பெறுகிறவரிடம் வாங்குவது நம் நாட்டில் நெடுங்காலம் இருந்து வந்த வழக்கம். கலியாணத்துக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டு, அழைப்புக்கு அபராதமும் அவரையே கட்டச் சொல்லுவது எந்த ஊர் மரியாதை என்று கேட்கின்றோம்.

"நேரில் கொண்டுபோய் வைக்காவிட்டால் கோபித்துக் கொள்வார்களே" என்று கிராமத்துத் தோழர்கள் கேட்கலாம். உள்ளூரிலும் பக்கத்து ஊரிலும் நேரில் சொல்லுவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஸ்டாம்பே வேண்டியதில்லை. ஆனால் மதுரையில் கூலி வேலை செய்கின்ற ஒருவர் கோயமுத்தூரில் இருக்கும் பங்காளிக்குத் தாம்பாளத்தில் பத்திரிகை வைப்பதற்காக இரண்டு நாள் கூலியையும் பஸ் சார்ஜையும் இழந்து போய்வர வேண்டும் என்று எதிர்பார்க்கின்ற பங்காளி எப்படிப்பட்ட பங்காளி? ஒரே வீட்டில் உலை வைத்துச் சாப்பிடும் அண்ணன் தம்பி நால்வருக்கும் தனித்தனியாக நாலு பத்திரிகை வேண்டும் என்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. இப்போது கைப்பேசி உள்ளவர்களுக்குப் பத்திரிகையைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஒரு வார்த்தை பேசியும் அழைத்துவிடலாம். தபாலில் போக வேண்டியவை அது இல்லாத வயதானவர்களுக்கும், ஞாபகத்துக்கு ஒரு தாள் வேண்டும் என்கின்றவர்களுக்கும்தான். அப்படிப் பிரித்துப் பார்த்தால் 400 என்பது 100-க்குள் வந்துவிடும்.

ஆடம்பரமாக அச்சடித்தால் மொய் அதிகமாக வரும் என்று ஒரு கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. நாம் பார்த்தவரையில், மொய் எழுதுகின்றவர்கள் தங்களுக்கு முன்னால் வந்த மொய்யின் நோட்டைத்தான் புரட்டிப் பார்க்கின்றார்கள். பத்திரிகையை எடை போட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே கலியாணம் வைத்திருக்கும் தோழர்கள், மொத்த அச்சுக்கும் முன்பணம் கொடுக்குமுன், மாதிரிப் பத்திரிகை ஒன்றை வாங்கி, அதை உறையிலும் போட்டு ஒட்டி, தபாலாபீசுத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். முள் 20-ஐத் தாண்டினால் மெல்லிய தாள் போடும்படி அச்சுக்கூடத்தாரிடம் சொல்ல வேண்டும். "அட்டையில்தான் அடிப்போம், அதுதான் மங்களம்" என்று அவர் சொன்னால், அடுத்த தெருவிலும் அச்சுக்கூடம் இருக்கின்றது.