வேர்க்குழல் சிகிச்சையில் எளிமையின் எல்லை

கடைவாய்ப்பல்லில் ஆழ்ந்த சொத்தையுடனும் பொறுக்கவொண்ணா வலியுடனும் வருகின்ற நோயாளருக்குப் பெரும்பாலும் இரு வழிகளே கூறப்படுகின்றன. ஒன்று, பல முறை வந்து செய்துகொள்ளவேண்டிய வேர்க்குழல் சிகிச்சை. மற்றொன்று, அன்றே பல்லை எடுத்துவிடுதல். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாட்கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்கவேண்டியுள்ள கிராமத்து உழைப்பாளி இரண்டாவது வழியையே நாடுகிறார். காப்பாற்றக்கூடிய பல் ஒன்று இவ்வாறு வீணாகின்றது. உலகில் ஏறத்தாழ 200 கோடி மக்களுக்கு நிலைப்பற்களில் சொத்தை உண்டென உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இத்துணைப் பெரிய நோய்ச்சுமைக்கு, நிபுணர்கள் பெருநகரங்களில் செய்யும் விரிவான சிகிச்சை ஒன்றே விடையாக இருத்தல் இயலாது. ஆதலின் சிகிச்சையை எளிமைப்படுத்துவது தேவையே. ஆயினும் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்னும் வரையறை இன்றிச் செய்யப்படும் எளிமை, நோயாளருக்கு இழைக்கப்படும் தீங்காகவே முடியும்.

இவ்வரையறையை வகுப்பதற்கு நோயின் காரணத்தை முதலில் உணர்தல் வேண்டும். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் உள்ளது. சொத்தை அதனை எட்டியதும் கிருமிகள் உட்புகுகின்றன. பற்கூழ் வீங்கி, நாளடைவில் இறந்துபோகின்றது. இறந்த பற்கூழில் இரத்த ஓட்டம் இல்லை. எனவே, வாய்வழி உட்கொள்ளும் கிருமிக்கொல்லி மருந்து அங்குச் சென்று சேர்வதில்லை. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிலையத்தில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவரும் எலிகளின் பற்கூழைத் துளையிட்டுத் திறந்துவிட்டனர். கிருமிகளே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளில் அக்காயம் தானே ஆறியது. ஏனைய எலிகளில் பற்கூழ் அழுகி, வேர்நுனியிலும் நோய் பரவியது. நோய்க்குக் காரணம் திறந்த காயமன்று, கிருமியே என்பது இதனால் தெளிவாயிற்று.

இதிலிருந்து நான்கு கடமைகள் பிறக்கின்றன. சிகிச்சையின்போது உமிழ்நீர் உட்புகாதவாறு ரப்பர்த் திரையிட்டுப் பல்லைத் தனிப்படுத்தல். குழலைச் செதுக்கிச் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலால் நன்கு கழுவுதல். குழலை வேர்நுனிவரை அடைத்தல். பல்லின் மேற்புறத்தைக் கசிவின்றி நிலையாக மூடுதல். இந்நான்கும் குறைக்கலாகாதவை. மற்றவை யாவும் ஆராய்ச்சிக்குட்பட்டு மாறத்தக்கவை.

முதலாவதாக, வருகைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். குழலினுள் மருந்திட்டுச் சில நாள் கழித்து மீண்டும் வரச்செய்வது நெடுங்கால வழக்கம். ஒரே அமர்வில் முடிப்பதையும் பல அமர்வுகளில் முடிப்பதையும் ஒப்பிட்ட 47 ஆய்வுகளைக் காக்ரேன் குழுவினர் 2022இல் தொகுத்து நோக்கினர். வேர்நுனி நோய் ஆறுவதில் ஒருமுறை மற்றதைவிடச் சிறந்தது என்று கூறச் சான்றில்லை என்பதே அவர்தம் முடிபு. ஒரே அமர்வில் முடித்தவர்களிடையே முதல் வாரத்தில் வலி சற்று மிகுதியாகக் காணப்பட்டது. இதனை முன்கூட்டியே அறிவித்தால் நோயாளர் அஞ்சமாட்டார். சீழ் வடிந்துகொண்டிருக்கும் பல்லுக்கும் குழலை உலர்த்த முடியாத நிலைக்கும் இம்முறை பொருந்தாது. ஏனையோருக்கு இதனை மறுப்பதற்கு வலுவான காரணம் இல்லை.

இரண்டாவதாக, கருவிகளைக் குறைக்கலாம். வளைந்த குழலுக்கேற்ப வளையும் நிக்கல்-டைட்டேனியம் உலோகக் கலவை வேர்க்குழல் அரத்திற்கு ஏற்றதென்பதை 1988இல் வாலியாவும் அவர்தம் துணைவரும் எடுத்துக்காட்டினர். முன்னும் பின்னுமாகச் சுழலும் ஒரே அரத்தைக்கொண்டு குழலைச் செதுக்கும் முறையை 2008இல் யாரெட் வெளியிட்டார். இவற்றால் நேரம் பெரிதும் மிஞ்சுகின்றது. ஆனால் மிஞ்சிய நேரம் எவ்வாறு பயன்படுகின்றது என்பதே வினா. எவ்வகை அரமாயினும் குழற்சுவரில் மூன்றிலொரு பங்கையோ அதனினும் மிகுதியையோ தொடாமலே விட்டுவிடுகிறது என நுண்கதிர்ப்பட ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தொடாத இடத்தைக் கரைசல் ஒன்றே தூய்மை செய்யும். விரைவாகச் செதுக்கி விரைவாக அடைத்துவிடும் மருத்துவர் எளிமைப்படுத்தவில்லை; பாதி வேலையை விட்டுவிடுகிறார்.

எல்லை கடந்த எளிமைக்கு வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆஞ்செலோ சார்ஜெந்தி என்பார் பாராஃபார்மால்டிஹைடு கலந்த ‘என்-2’ என்னும் பசையைப் பரப்பினார். குழலை நன்கு தூய்மை செய்யாவிடினும் பசையே கிருமிகளைக் கொன்று எஞ்சியதைப் பதப்படுத்திவிடும் என்பது அம்முறையின் கவர்ச்சி. வேர்நுனி கடந்து வெளிப்பட்ட பசை தாடை நரம்பைச் சிதைத்து, சிலருக்கு நீங்காத மரத்தலை விளைவித்தது. அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளிக்கவேயில்லை. தூய்மைக்கு மாற்றாக நஞ்சை வைத்ததே அம்முறையின் பிழை.

நேர்மாறாக, உடலியலை அடியொற்றிய எளிமை பலன் தந்துள்ளது. ஈரானின் அரசு நலவாழ்வு நிலையங்களில், மீளா அழற்சியுற்ற கடைவாய்ப்பற்களுடன் வந்த 407 நோயாளர்களிடம் ஓர் ஒப்பீடு நடைபெற்றது. ஒரு பிரிவினருக்கு முழு வேர்க்குழல் சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்கு மேற்பகுதிப் பற்கூழை மட்டும் அகற்றிக் கால்சியம் செறிந்த சிமெண்டால் மூடும் சிகிச்சையும் செய்யப்பட்டன. 2015இல் வெளியான ஐந்தாண்டு முடிவுகளின்படி எளிய முறை முழுமுறைக்குத் தாழ்ந்ததாக இல்லை. வேரினுள் உள்ள பற்கூழ் உயிருடன் இருக்கும்போதுதான் இது செல்லும் என்பதை மறத்தலாகாது. ஆயினும் நோயாளர் காலத்தே வந்தால் சிகிச்சையே சிறிதாகின்றது என்னும் உண்மை இதனால் விளங்கும்.

“ஏழைக்கு இரண்டாந்தரச் சிகிச்சையா?” என்பது இயல்பாக எழும் எதிர்ப்பு. அது புறக்கணிக்கத்தக்கதன்று. கருவியும் வருகையும் குறையலாம். பலனை அளக்கும் கோல் எவருக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வலி நின்றது என்பது அளவுகோலன்று. ஓராண்டு கழித்து எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் வேர்நுனி எலும்பு ஆறிவருகிறதா, பல் மெல்லுவதற்கு உதவுகிறதா என்பவையே அளவுகோல்கள். சிகிச்சை பெற்ற 1010 பற்களின் படங்களை ஆராய்ந்து 1995இல் ரே, டிரோப் இருவரும் வெளியிட்ட கட்டுரை, மேல்மூடியின் தரமும் வேரடைப்பின் தரத்திற்குக் குறையாத இன்றியமையாமை உடையதென உணர்த்திற்று. தற்காலிகச் சிமெண்டுடன் வீடு திரும்பி, மீண்டும் வாராத நோயாளரின் பல், திறம்பட அடைக்கப்பட்டிருப்பினும் கெட்டுப்போகின்றது. ஆகவே வேரடைப்பு முடிந்த அன்றே நிலையான அடைப்பையும் இட்டுவிடுவது எளிமைப்படுத்தலின் முதல் விதியாதல் வேண்டும்.

2014-15இல் தொடங்கப்பெற்ற தேசிய வாய்நலத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளிலும் அவற்றிற்குக் கீழ்ப்பட்ட நிலையங்களிலும் பல் மருத்துவப் பிரிவுகளை வலுப்படுத்த முனைந்தது. இத்தகைய பிரிவுகளின் பதிவேடுகளில் “சிகிச்சை செய்யப்பட்டவை” என்னும் ஒரே கட்டம் போதாது. நிலையான மேல்மூடி பெற்றவை, ஓராண்டில் மீண்டும் பார்க்கப்பட்டவை என்னும் இரு கட்டங்களும் தேவை.

சிகிச்சை செய்வது பல் மருத்துவரின் பணி; நோயாளரைக் காலத்தே அனுப்புவதும் திரும்ப வரச்செய்வதும் களப்பணியாளராலும் ஆசிரியராலும் ஆகக்கூடியவை. ஏறத்தாழ ஆறாம் வயதில் பாற்பற்களுக்குப் பின்னே முளைக்கும் கடைவாய்ப்பல் நிலைப்பல்லேயாகும். அது விழுந்து முளைக்கும் என்றெண்ணிப் பெற்றோர் பலர் அதன் சொத்தையைப் பொருட்படுத்துவதில்லை. இதனைத் திருத்தவல்லவர் தொடக்கப்பள்ளி ஆசிரியரே. கடுமையாக வலித்த பல் திடீரென அமைதியுற்றால், நோய் நீங்கியதென்று கொள்ளாமல், பற்கூழ் இறந்திருக்கக்கூடும் என்று ஐயுறவேண்டும் என்பதைக் களப்பணியாளர் வீடுதோறும் எடுத்துரைக்கலாம். இவ்விரு செய்திகளும் பரவுமாயின், எளிய சிகிச்சையே போதுமான நிலையில் பலர் மருத்துவரை அடைவர். பல்லை எடுப்பதே வழி என்னும் நிலையும் அருகும்.